ஆங்கோட்ஸ்: பஞ்சாலைச் சுவர்களோரம் ஒன்றரை மணி நேரம்

எங்கள் வீடு மில் சங்கு கேட்டு எழுந்த வீடு. கோவையில் ஒரு பஞ்சாலையின் நூல் நூற்கும் ரிங் பிரேம் பிரிவில் அப்பா முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தார். இரவு ஷிப்ட் முடித்து வரும்போது அவருடைய புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று ஊரைப் பற்றிக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன் நான். அசல் மான்செஸ்டரில் ஒரு நாள் கையில் கிடைத்ததும், கால்பந்து மைதானத்தை விட்டுவிட்டு, அந்த ஊரின் பழைய பஞ்சாலைப் பகுதியான ஆங்கோட்ஸுக்குப் போனேன்.

பிக்காடில்லி ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடை. செல்பேசியில் ஓர் ஒலிவழி நடைப்பயணத்தைப் பதிவிறக்கியிருந்தேன். நாம் நிற்கும் இடத்துக்கு ஏற்ப, அந்த இடத்தின் கதை காதில் ஒலிக்கத் தொடங்கும். வழிகாட்டியின் வேகத்துக்கு ஓட வேண்டியதில்லை என்பதாலேயே இந்த வகை எனக்குப் பிடிக்கும்.

கட்டிங் ரூம் சதுக்கத்தில் நடை தொடங்கியது. சுற்றிலும் காபிக் கடைகள், பேக்கரிகள், வெளியே போட்ட மேசைகள். 1859இல் கட்டிய புனித பீட்டர் தேவாலயம் 1960இல் மூடப்பட்டுப் பல காலம் பாழடைந்து கிடந்ததாம். இப்போது அது ஹாலே இசைக்குழுவின் ஒத்திகைக்கூடம். பக்கத்துத் தெருக்களில் ஒரு காலத்தில் இத்தாலியக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்து, தள்ளுவண்டியில் ஐஸ்கிரீம் விற்றார்கள். இன்று இந்தப் பகுதியில் மிஷெலின் நட்சத்திரம் பெற்ற உணவகம் இருக்கிறது. வாடகை விளம்பரங்களைப் பார்த்தபோது, இங்கே ஓர் ஆலைத் தொழிலாளி இன்று குடியிருக்க முடியாது என்பது புரிந்தது.

ரெட்ஹில் தெருவுக்குத் திரும்பியதும் நின்றுவிட்டேன். 1804இல் முடிந்த ராச்டேல் கால்வாயை ஒட்டி, செங்கல் மலைத்தொடர் போல ஆலைகள் நிற்கின்றன. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆடம், ஜார்ஜ் என்ற மர்ரே சகோதரர்கள் 1798இல் எழுப்பிய பழைய ஆலையும் இதில் ஒன்று. நீராவி இயந்திரத்தால் ஓடிய நூற்பாலை அது. தெருவுக்கு அடியில் சுரங்கம் வெட்டி, ஆலை முற்றத்திலிருந்த குளம் வரைக்கும் படகுகளைக் கொண்டுவந்தார்கள். பஞ்சும் நிலக்கரியும் நேராக உள்ளே வந்து இறங்கும். எங்கள் ஊரில் 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் ஆலைகள் பெருகின என்று பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்தது. இவர்களுக்குக் கரியும் கால்வாயும் செய்ததை, நமக்கு நீலகிரியின் அருவி நீர் செய்தது.

அடுத்த பதிவுதான் மனதை உலுக்கியது. இங்கே நூற்றது மிக மெல்லிய நூல். அது அறுந்துபோகாமல் இருக்க உள்ளே வெப்பமும் ஈரப்பதமும் வேண்டும், அதனால் ஜன்னல்களைத் திறக்க விடமாட்டார்கள். முன்னும் பின்னும் ஓடும் மியூல் என்ற நூற்பு இயந்திரத்தின் அடியில் குழந்தைகள் குனிந்து ஊர்ந்து, உதிர்ந்த பஞ்சைக் கூட்டி எடுத்தார்கள், அறுந்த இழைகளை ஓடி ஓடி முடிந்தார்கள். இவ்வளவும் சொல்ல அந்தக் குரலுக்கு ஒரு நிமிடம்தான் ஆனது. முதலாளிகளின் கதைக்கு அதைவிட அதிக நேரம் கொடுத்திருந்தார்கள், அது எனக்கு உறுத்தியது. பின்னணியில் இயந்திர ஓசை மெலிதாக, தாலாட்டு போல ஓடியது. உண்மையான ஓசை அப்படி இருக்காது. அப்பாவுக்கு ஐம்பது வயதிலேயே இடது காது கேட்காமல் போயிற்று.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். செங்கல்லின் மூலைகள் தேய்ந்து உருண்டிருந்தன, சில இடங்களில் புகைக்கரி இன்னும் கறுப்பாகவே இருந்தது. சற்றுத் தள்ளி, சுவரில் ஒரு சிறிய பித்தளைத் துளை. டான் டுபோவிட்ஸ் என்ற கலைஞர் இந்தப் பகுதியெங்கும் பதித்தவற்றில் ஒன்று. கண்ணை வைத்தால் அடைபட்ட பழைய இடங்களை எட்டிப் பார்க்கலாம். நான் பார்த்த துளைக்குள் இருட்டுதான் இருந்தது. ஆனாலும் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

1912இல் கட்டப்பட்டு, 1942இல் அரச வருகைக்குப் பிறகு ராயல் மில் என்று பெயர் மாறிய ஆலையைக் கடந்து, எதிர்க்கரையில் போய் உட்கார்ந்தேன். இடிக்காமல் காப்பாற்றியிருக்கிறார்களே என்று மனம் நிறைந்தது. அப்பா வேலை பார்த்த ஆலையின் இடத்தில் இன்று ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. மாடி வீடுகளின் ஜன்னல் விளிம்புகளில் செடித் தொட்டிகள். யாரோ திரைச்சீலையை விலக்கிவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அவரே அழைத்தார்.

“இது ஸ்பின்னிங் மில்தானே?”

“ஆமாம் அப்பா. இப்போது வீடுகளாக்கிவிட்டார்கள்.”

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார் போலும், சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: “ஜன்னலையெல்லாம் திறந்து வைத்திருக்கிறார்களே கண்ணு, நூல் அறுந்துபோகாதா?”