காசு வாங்காத கும்மி

முருகன்–வள்ளி கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மி. பச்சைச் சேலைக்காரர்களின் வட்டத்தில் ஓர் அம்மிச்சி. எழுபது வயதாவது இருக்கும். கோயம்புத்தூர் வெயில் இன்னும் இறங்காத மண்ணில் வெறுங்கால்.

முன்னால் ஆடிய கல்லூரிப் பெண் அடிக்கொரு தரம் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். அம்மிச்சி பார்க்கவே இல்லை. கொண்டையிலிருந்து பூச்சரம் நழுவி விழுந்தது. அதையும் பார்க்கவில்லை. வாத்தியார் பாட்டின் வேகத்தைக் கூட்டியபோது மட்டும் லேசாகச் சிரித்தார்.

கோடைக் கலைவிழா, அனுமதி இலவசம். முன்வரிசை நாற்காலிகள் பிரமுகர்களுக்காம். கடைசி வரை காலி. நாங்கள் நின்றுகொண்டே பார்த்தோம்.

வள்ளி கும்மி ஒரு காலத்தில் ஆண்கள் மட்டுமே ஆடியது. அதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த நம் பகுதிக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இன்று அந்த வட்டத்தில் ஆண்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது!

டிக்கெட் வாங்கிவிட்டால் பிடிக்காவிட்டாலும் காசுக்காக உட்கார்ந்திருப்போம். இங்கே யாரும் எப்போது வேண்டுமானாலும் போகலாம். காய்கறிப் பையோடு ஒதுங்கிய ஒருவர் ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. அதைவிடப் பெரிய விமர்சனம் எந்தக் கலைஞருக்குக் கிடைக்கும்?

நாளை உடுக்கை அடித்துப் பாடும் அண்ணன்மார் கதை, அதாவது பொன்னர்–சங்கர் சகோதரர்களின் கதை. இரவிரவாகப் பாட வேண்டிய கதைக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கோபத்தோடுதான் போகிறேன். வருகிறவர்கள் ஆறு மணிக்கு முன்பே வந்துவிடுங்கள்; ஒரு பழைய போர்வையும் கொண்டுவாருங்கள், தரையில் விரிக்கலாம்.