தரைக்குக் கீழே வெள்ளைப் பொடி

"சார், இங்க உப்பியிருக்கு, வந்து பாருங்க" என்று ஹேங்கர் பையன் கூப்பிட்டான். 1979-ல் கட்டிய செஸ்னா 152, பயிற்சிக்கு ஓட்டும் இரண்டு சீட் சிறு விமானம். பின்பக்கத் தரைப்பலகையை எடுத்துவிட்டு, உட்புறத் தகட்டில் ஒட்டியிருந்த பஞ்சை உரித்திருந்தான். சத்தம் குறைய வைத்த கண்ணாடி இழைப் பஞ்சு. பிழிந்தால் தண்ணீர் வரும்போல ஈரம். அதற்கடியில், தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளின் வரிசையை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் பூத்த வெள்ளைப் பொடி. நகத்தால் சுரண்டினேன். செதில் செதிலாகப் பெயர்ந்தது.

இரும்பு துருப்பிடித்தால் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். அலுமினியம் கமுக்கமாகப் போகும். விமானத்தின் தோலுக்குப் போடும் '2024' என்ற அலுமினியக் கலவையில் நூற்றுக்கு நாலு பங்குக்குமேல் செம்பு. பலம் வருவது அதனால்தான். உப்புக்காற்றில் அரிப்பதும் அதனால்தான். சுத்த அலுமினியத்தை மெல்லிய படலமாக இரண்டு பக்கமும் ஒட்டித்தான் அனுப்புகிறார்கள். ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தில் படலம் போச்சு. எழுபதுகளில் வந்த செஸ்னாக்களில் பலவற்றுக்கு உள்பக்கம் பிரைமர்கூடக் கிடையாது. வேண்டுமென்றால் தனியாகக் காசு கட்டி அடித்து வாங்க வேண்டும். நம்முடையதற்கு யாரும் கட்டவில்லை. அது இப்போது சென்னைக் காற்றில் நிற்கிறது.

முதலாளி வந்து பார்த்தார். "ஒரு துண்டுத் தகட்டுக்கா சார் இவ்வளவு எஸ்டிமேட்?"

தகட்டின் விலை அந்த எஸ்டிமேட்டில் ஒரு மூலைக்குக்கூட வராது. சீட், சீட் தண்டவாளம், கன்ட்ரோல் கேபிள் எல்லாம் வெளியே வந்தால்தான் அந்த இடத்தில் கை நுழையும். நானும் பையனும் பதினெட்டு நாள் குனிந்தே கிடந்தோம். 160 ரிவெட். ட்ரில் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் துளை பெரிதாகும், பிறகு அடுத்த சைஸ் ரிவெட் தேட வேண்டும். ஸ்டீல் வுல் வைத்துத் தேய்க்க நான் விடவே மாட்டேன்; இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து அங்கேயே மறுபடி அரிக்க ஆரம்பிக்கும். தேய்த்து, கழுவி, அரிப்பைத் தடுக்கும் அலோடின் ரசாயனம் பூசிப் பொன்னிறம் ஏறிய பிறகு பச்சை பிரைமர். ஒரு பிராக்கெட் அமெரிக்காவிலிருந்து 8130 சான்றோடு (விமானத்தில் பொருத்தத் தகுதியான பாகம் என்ற தாள்) வர வேண்டியிருந்தது. அது வரும்வரை விமானமும் சும்மா, மாணவர்களும் சும்மா.

என் கோபம் செலவு மேல் இல்லை. முந்தைய வருடச் சோதனைத் தாளில் இந்த இடத்தைத் திறந்து பார்த்ததாக ஒரு கையெழுத்து இருக்கிறது. அடிவயிற்று இன்ஸ்பெக்‌ஷன் பேனலின் ஸ்க்ரூ தலைகளிலோ பழைய பெயிண்ட் உடையாமல் அப்படியே இருந்தது. அன்றே திறந்திருந்தால் துடைத்துப் பூசுவதோடு இரண்டு நாளில் முடிந்திருக்கும்.

வெட்டி எடுத்த பழைய தகட்டை முதலாளி கையில் கொடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். ஊசி முனை அளவில் ஏழெட்டு இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஆஸ்திரேலியாவில் நடந்ததைச் சொன்னேன். 2019 மே 26, மவுண்ட் ஐசா பக்கம் சர்வே வேலையில் இருந்த ஒரு செஸ்னா 210-க்கு வானத்திலேயே இறக்கை பிய்ந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். இரண்டு இறக்கைகளையும் கூரைக்குள் இணைக்கும் ஸ்பார் என்ற உத்தரத்தில் அரிப்பால் விழுந்த ஒரு சிறு குழியிலிருந்துதான் விரிசல் கிளம்பியிருந்தது. அந்த ரகத்தில் பெரும்பாலான விமானங்களில் ஸ்பாரின் அடிப்பக்கத்தை ஒட்டி ஃபோம் வைத்திருந்தார்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் பஞ்சு செய்த அதே வேலை. புதுப் பஞ்சு ஒட்ட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். சத்தத்துக்கு ஹெட்செட் இருக்கிறது.

பக்கத்தில் இன்னொரு 152 ஐந்து மாதமாகப் பறக்காமல் நிற்கிறது. காசு மிச்சம் என்று நிறுத்தியது. இதன் லைக்கமிங் எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேலே இருக்கும். நின்றுகொண்டே இருந்தால் எண்ணெய் முழுக்கக் கீழே வடிந்துவிடும், வெற்று இரும்பில் ஈரக்காற்று படும். பிறகு ஓட்டும்போது அந்தத் துருப்புள்ளியிலிருந்து பொருக்குப் பொருக்காகத் தேயும். கேம்ஷாஃப்டைக் கண்ணால் பார்க்கவே ஒரு சிலிண்டரைக் கழற்ற வேண்டும்.

கழற்றிப் பார்க்கலாமா என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றார்.