எந்த ஆற்றுச் செடி?

ஏப்ரல் 6, 2024. ஏதென்ஸ், ஜார்ஜியா, அமெரிக்கா

பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமாகிப் பத்து நாளாகிறது. வேலியோரம் அவருடைய பீட்மான்ட் அசேலியா பூத்து ஓய்கிறது. வாசனை எங்கள் அடுப்படி வரை வருகிறது. நீலகிரியில் நாம் காட்டுப்பூவரசு என்கிறோமே, அதுவும் இதுவும் ரோடோடென்ட்ரான் பேரினம்தான். ஆனால் இது குளிரில் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டைக் கிளையில் பூக்கிற ஜாதி. நர்சரியில் விற்கும் ஆசிய ரகங்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "பிளாஸ்டிக்" என்பார். எங்கள் வாசலில் நிற்பது அதுதான்.

ஏப்ரல் 14

தோட்டத்துக்குத் தண்ணீர் விட முடியுமா என்று அவர் மனைவி கேட்டார். போய்ப் பார்த்தால் செடிக்குச் செடி அலுமினியத் தகடு. பூவின் பெயர் இல்லை, நிறம் இல்லை. விதை எடுத்த ஆற்றங்கரையும் ஆண்டும் மட்டும்: ஒக்கோனி, பிளின்ட், சவானா, சட்டஹூச்சி. நாற்பது வருஷம் மீன் ஆராய்ச்சி செய்த புத்தி! எந்த ஆற்றில் பிடித்தது என்று எழுதாவிட்டால் அது ஆய்வுக்கு ஆகாது, வறுத்துத் தின்னத்தான் ஆகும் என்பார்.

ஏப்ரல் 21

ஒக்கோனி அசேலியா நெருப்பு நிறத்தில் விரிந்திருக்கிறது. இதன் முன்னால் நின்றால் அவர் பூவைப் பற்றிப் பேசமாட்டார், ரோபஸ்ட் ரெட்ஹார்ஸ் மீனைப் பற்றித்தான் பேசுவார். 1870-ல் கோப் என்ற விஞ்ஞானி விவரித்த மீன். அதன்பின் நூறு வருஷத்துக்கு மேல் அறிவியல் அதை மறந்தே போனது. 1991-ல் இதே ஒக்கோனி ஆற்றில் அகப்பட்டது. ஏழு கிலோவுக்கு மேலும் வளரக்கூடிய மீன் எப்படி ஒளிந்திருக்கும்? "ஒளியவில்லை. எல்லோரும் பாஸ் மீனையே தேடினோம்" என்பார். பிடித்த படகில் இவர் இல்லை. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும்.

மே 19

நாற்று ஒன்றை இடம் மாற்றியபோது ஆழமாக நட்டுவிட்டேன். மேலாக ஓடும் வேர், அழுகிவிட்டது. தகடு பிளின்ட், 2019. அவர் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 28

முப்பத்தைந்து டிகிரி வெயிலில் பிளம்லீஃப் அசேலியா செக்கச்செவேலென்று பூத்திருக்கிறது. தகடு சட்டஹூச்சி. ஜார்ஜியா-அலபாமா எல்லைப் பக்கத்து ஓடைப் பள்ளங்களை விட்டால் காட்டில் வேறெங்கும் அநேகமாகக் கிடையாது. தோட்டத்தில் மற்றதெல்லாம் பூத்து முடிந்துவிட்டது. பட்டாம்பூச்சிகள் இதையே சுற்றுகின்றன.

நவம்பர் 10

காய்கள் பழுத்து வெடிக்கத் தொடங்கிவிட்டன. விதை மூக்குப்பொடி மாதிரி, தும்மினால் போச்சு. தட்டில் ஈரமான பீட் பாசியின் மேலே தூவ வேண்டும், மண் போட்டு மூடக்கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். பூப்பதற்கு நாலைந்து வருஷம்.

தகடு எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. வசந்தத்தில் ஒக்கோனியும் பிளின்ட்டும் ஒன்றாகப் பூத்தன. எந்த மகரந்தம் எதில் போய்ச் சேர்ந்ததோ. அந்தத் தட்டுக்கெல்லாம் "கலப்பு" என்று எழுதினேன். பிளம்லீஃப் தனியாகப் பூத்தது. அதற்கு மட்டும் "சட்டஹூச்சி" என்று எழுதி, ஆண்டையும் போட்டேன்.