ஒரு பெட்டிக்கு மூன்று நொடி: எஸ்எஸ்பி நேர்முகத்துக்கு நான் பீரங்கி படித்த விதம்

ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பி தேர்வுக்கு முதல் முறை போனபோது, விமான எதிர்ப்புப் பீரங்கியான இசட்யு-23இன் எண்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். 23 மில்லிமீட்டர், இரட்டைக் குழல், நிமிடத்துக்கு 2,000 ரவுண்டு (குண்டு). "அப்போ ஒரு நிமிடம் விடாமல் சுடுமா?" என்று நேர்முகத்தில் கேட்டார்கள். "சுடும் சார்" என்றேன். தப்பு.

காரைக்குடி திரும்பியதும் பெரியப்பாவிடம் போய் உட்கார்ந்தேன். ராணுவ வான் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வளவுத் தூணில் சாய்ந்துகொண்டு, "குழலுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு 50 ரவுண்டு. எவ்வளவு நேரம் வரும், சொல்லுப்பா" என்றார். 2,000 என்பது இரண்டு குழலுக்கும் சேர்த்து. ஒன்றுக்கு 1,000 என்றால், 50 ரவுண்டு மூன்றே நொடியில் தீர்ந்துவிடும்! பெட்டி மாற்ற வேண்டும், குழல் சூடு தணிய வேண்டும். நடைமுறை வேகம் 400தான் என்பதன் காரணம் அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம் எல்லா எண்ணையும் இப்படியே கேள்வியாக்கினேன். கானாடுகாத்தான் பக்கம் உள்ள இரண்டாம் உலகப் போர்க் கால ஓடுதளத்தில் இந்தப் பீரங்கி நிற்பதாக நினைத்துக்கொள்வேன். குண்டு குழலை விட்டுக் கிளம்பும் வேகம் நொடிக்கு 970 மீட்டர். 2.5 கிலோமீட்டர் தாண்ட, வேகம் குறையாவிட்டாலும் இரண்டரை நொடி ஆகும். அதற்குள் நொடிக்கு 250 மீட்டர் போகும் விமானம் 600 மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். ஆக, விமானத்தைக் குறிவைத்தால் படாது, அது வரப்போகும் இடத்தைக் குறிவைக்க வேண்டும். பீரங்கியின் எடை சுமார் 950 கிலோ என்பதால் சின்ன வண்டியே இழுத்துப் போய்விடும்.

இன்னொரு விமான எதிர்ப்புப் பீரங்கியான போஃபர்ஸ் எல்-70 பெயரிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. குழல் நீளம் விட்டத்தைப் போல 70 மடங்கு. 40 மில்லிமீட்டரை 70ஆல் பெருக்கினால் 2.8 மீட்டர். இசட்யு-23ஐ விடச் சுடும் வேகம் குறைவு, ஆனால் குண்டு பெரிது, எட்டும் தூரமும் அதிகம். இரண்டையும் ஏன் வைத்திருக்கிறோம் என்று கேட்டால் இதிலிருந்தே தொடங்கலாம். 2025 மே மாதம் ட்ரோன்களுக்கு எதிராக இரண்டும் பேசப்பட்டதால், கேள்வி வர வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது முறை எஸ்எஸ்பி போனபோது, லெக்சரெட் என்ற குறும்பேச்சுச் சுற்றில் நான் எடுத்த தலைப்பு வான் பாதுகாப்பு. தயாராக மூன்று நிமிடம், பேச மூன்று நிமிடம். அந்த மூன்று நொடிக் கணக்கில்தான் ஆரம்பித்தேன்.