இருட்டில் பேச முடியாது

நெடுங்காலமாக நாடகம் இயக்கி வரும் எனக்கு விளக்கை அணைப்பது ஒரு பொருட்டே அல்ல. காட்சி முடிந்ததும் மேடையை இருட்டாக்கி, அந்தச் சில நொடிகளுக்குள் பொருள்களை மாற்றுவது ஊறிப்போன வழக்கம். விருகம்பாக்கத்தில் வாடகைக்கு எடுத்த கூடத்தில், காதுகேளாதவர் நால்வரும், பார்வையற்றவர் ஒருவரும், சக்கர நாற்காலியில் இயங்கும் பெண் ஒருவருமாகச் சேர்ந்து ஒத்திகை தொடங்கிய முதல் வாரத்திலேயே அந்த வழக்கம் என்னைக் காட்டிக்கொடுத்தது. விளக்கு அணைந்ததும் நால்வரும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். நானோ (எழுதவே வெட்கமாக இருக்கிறது) "நகருங்கள்" என்று உரக்கக் கத்தினேன். வெளிச்சம் வந்த பிறகு, அவர்களில் மூத்தவர் கைகளால் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் குரலில் கேட்டேன்: "சார், நீங்க லைட்டை அணைக்கிறது எங்க வாயைப் பொத்துற மாதிரி."

இந்தியச் சைகைமொழியில் கைகள் மட்டும் பேசுவதில்லை. தமிழில் 'வந்தான்' என்பதை 'வந்தானா' என்று கேள்வியாக்க ஓர் ஆகாரம் செய்யும் வேலையை, அங்கே உயரும் புருவமும் முன்னே சாயும் தலையும் செய்கின்றன. முகத்தில் பாதியை நிழலில் விடும் பக்கவாட்டு ஒளியை அழகு என்று நம்பி அமைத்திருந்த நான், உண்மையில் அவர்களுடைய வசனங்களின் இலக்கணத்தையே விழுங்கிக்கொண்டிருந்தேன்.

முன்ஒளியைக் கூட்டினோம், நுழைவுகளுக்கு விளக்கின் சிமிட்டலைக் குறிப்பாக வைத்தோம். பார்வையற்ற நடிகருக்கு அது பயன்படாது என்பதால், அதே நொடியில் பறையில் ஓர் அடி. ஒத்திகைக்கூடத்தின் சிமெண்ட் தரையில் இது சரியாகவே நடந்தது. அரங்கத்தின் பலகை மேடையிலோ பறையின் அதிர்வு பாதங்களில் ஏற, காதுகேளாத நடிகர்களில் இருவர் விளக்குக்குக் காத்திராமல் உள்ளே வந்துவிட்டார்கள். அதிர்வே போதும் என்று அவர்கள் சொன்னபோது மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

அந்த மேடை 3 அடி உயரம். 1:12 என்ற சரிவுக் கணக்கில், அதாவது ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்று பார்த்தால், சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு 36 அடி நீளம் வேண்டும். அரங்கத்தில் அதற்கு இடமில்லை, தூக்கி ஏற்றிவிடலாம் என்றார்கள். "நான் மூட்டையா?" என்று சக்கர நாற்காலியில் இயங்கும் அந்தப் பெண் கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவருடைய காட்சிகளை மேடைக்கு முன்னால் தரையிலேயே நடத்தினோம். பின்வரிசையினர் முணுமுணுத்தார்கள், நியாயமான முணுமுணுப்புத்தான்.

ஓர் இருட்டை மட்டும் நால்வரின் சம்மதத்தோடு வைத்துக்கொண்டோம். பார்வையற்ற நடிகர் முன்னே செல்ல, மற்றவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றியபடி வெளியேறுவார்கள். அது நன்றாக இருந்தது என்று அவர்தான் சொன்னார். நான் பார்க்கவில்லை, இருட்டாயிற்றே.