ஊதா மூடி, சிவப்பு மூடி: டெங்கு ஆய்வுக்கு எதிக்ஸ் அனுமதி வாங்கின அனுபவம்

போன வாரம்தான் எங்கள் இரண்டாவது எதிக்ஸ் (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதியின்படி கடைசி நோயாளியிடம் ரத்தம் எடுத்து முடித்தோம். இதற்கு நடுவில் ஒரு முழு டெங்கு சீசன் கையை விட்டுப் போனது. லெக்டின் (சர்க்கரைச் சங்கிலியைப் பிடிக்கும் புரதம்) வேலையை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய் நிற்கப்போகிறவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்காவது அந்த சீசன் மிஞ்சட்டும் என்று எழுதுகிறேன்.

என் வேலை எம்பிஎல் (மன்னோஸ் பைண்டிங் லெக்டின்) என்கிற லெக்டினைப் பற்றியது. டெங்கு வைரஸின் மேலே இருக்கும் ஈ புரதத்தில் 67, 153 என்று இரண்டு இடங்களில் சர்க்கரைச் சங்கிலி தொங்குகிறது. டென்ட்ரிடிக் செல் என்ற நோய் எதிர்ப்புச் செல்லில் உள்ள டிசி-சைன் என்ற புரதம் அந்தச் சங்கிலியைப் பிடித்து வைரஸ் உள்ளே நுழைய வழி செய்கிறது. ரத்தத்தில் ஓடும் எம்பிஎல்லும் அதையேதான் பிடிக்கிறது. ஆனால் அது பிடித்தால் காம்ப்ளிமென்ட், அதாவது கிருமியைத் தாக்கும் ரத்தப் புரதங்களின் கூட்டம், கிளம்பி வைரஸை எதிர்க்கிறது. எம்பிஎல் அளவு ஆளுக்கு ஆள் பிறவியிலேயே பெரிய அளவில் மாறும். குறைவாக இருப்பவர் உடம்பில் டெங்கு எப்படிப் போகிறது என்பதுதான் என் தீசிஸ்.

முதல் அனுமதி சுலபமாகக் கிடைத்துவிட்டது. டெங்கு வார்டில் பிளேட்லெட் எண்ணிக்கைக்காக எப்படியும் தினமும் ரத்தம் எடுக்கிறார்கள், அதில் மிஞ்சுவதை வாங்கிக்கொள்கிறோம் என்று எழுதினோம். புதிதாக ஊசி குத்தப்போவதில்லை என்பதால் தனி ஒப்புதல் படிவம்கூட வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ஆகஸ்டில் கடிதம் வந்தது. அக்டோபரில் மழை தொடங்கியதும் சாம்பிள் வர ஆரம்பித்தது.

42 சாம்பிள் சேர்ந்தபின் ஈஸ்டின் சர்க்கரைப் பொருளான மன்னான் பூசிய, குழிகள் உள்ள தட்டில் போட்டுப் பார்த்தேன். எம்பிஎல் மன்னானைப் பிடித்து காம்ப்ளிமென்ட்டைக் கிளப்பினால் குழி நீலமாக வேண்டும். எங்கள் லேபில் இருந்தவர்களின் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) நன்றாக நீலமானது. நோயாளிகளின் பிளாஸ்மா (உறையவிடாத ரத்தத்தின் நீர்) ஒன்றுகூட ஆகவில்லை. டெங்கு வந்தால் எம்பிஎல்லின் வேலையே நின்றுபோகிறது, பெரிய விஷயம் கையில் கிடைத்துவிட்டது என்று மூன்று நாள் தூக்கமே வரவில்லை. கைடுக்கு மெயிலும் எழுதி வைத்திருந்தேன். நல்ல வேளை, அனுப்பவில்லை.

எங்கள் லேப் சீனியர் அக்கா ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு ட்யூபை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ஏம்மா, எல்லாமே ஊதா மூடியா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். எனக்கு வயிறு கலங்கியது.

ரத்த எண்ணிக்கைக்கு எடுக்கும் ஊதா மூடி ட்யூபில் இடிடிஏ இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருப்பதற்காகக் கால்சியத்தைக் கட்டிப்போடுவதுதான் அதன் வேலை. எம்பிஎல்லோ கால்சியம் இல்லாமல் சர்க்கரையைப் பிடிக்கவே பிடிக்காது. அது சி-டைப் லெக்டின், அந்த 'சி'யே கால்சியம்தான். பாடமாகப் படித்து, பரீட்சையில் எழுதி, ஜூனியர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் படிவத்தில் "மிஞ்சிய ரத்தம்" என்று எழுதும்போது அது எந்த ட்யூபில் மிஞ்சுகிறது என்று யோசிக்கவில்லை.

ஊதா மூடி ரத்தத்தையே வைத்துச் சமாளிக்க முடியாதா என்று எல்லோரும் கேட்பதற்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். எம்பிஎல் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்க்க ஊதா மூடி போதும். அதிகமாக நீர்த்து, கால்சியம் நிறைந்த பஃபர் கரைசலில் பிணைப்பையும் ஓரளவு பார்க்கலாம். ஆனால் எனக்கு வேண்டியது ரத்தத்தில் இருக்கிற கெட்டியிலேயே அது காம்ப்ளிமென்ட்டோடு சேர்ந்து என்ன செய்கிறது என்பது. அதனால் பாதிக்குப் பாதிதான் நீர்த்திருந்தேன். கால்சியத்தைத் திரும்ப ஊற்றினால் பிளாஸ்மா உறைந்துவிடும். பச்சை மூடி ட்யூபில் இருக்கும் ஹெப்பாரினும் காம்ப்ளிமென்ட் வேலையில் தலையிடும். பயோகெமிஸ்ட்ரியில் மிஞ்சும் சீரத்தைக் கேட்கலாமே என்றார்கள். அது மணிக்கணக்கில் வெளியே கிடக்கிறது, அதற்குள் காம்ப்ளிமென்ட் வீணாகிவிடும். ஆக, சிவப்பு மூடியில் புதிதாக 3 மில்லி எடுத்தே ஆக வேண்டும். புதிதாக எடுப்பதென்றால் ஒப்புதல் படிவம் வேண்டும், முழுக் குழுவின் கூட்டத்துக்கும் போக வேண்டும்.

இங்கிருந்துதான் அலைச்சல். முதல் தடவை ஃபைல் திரும்பி வந்தது, படிவங்களின் அடியில் வெர்ஷன் எண்ணும் தேதியும் இல்லை என்று. சரி, அது என் தப்பு. இரண்டாவது தடவை, கோ-இன்வெஸ்டிகேட்டர் ஒருவரின் ஜிசிபி (மருத்துவ ஆய்வு நன்னடைமுறைப் பயிற்சி) சான்றிதழ் காலாவதியாகி விட்டது என்று. இதை முதல் தடவையே சொல்லியிருக்கலாம். கேட்டேன். "ஒவ்வொண்ணா பார்த்துட்டு வர்றோம் மேடம்" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். இடைப்பட்ட நாளில் அந்த மாதக் கூட்டத்துக்கான கடைசித் தேதி போய்விட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, வார்டு நிறைய நோயாளிகள், ஒருவரிடமும் நான் எதையும் கேட்க முடியாது.

டிசம்பர் கூட்டத்தில் கூப்பிட்டார்கள். காம்ப்ளிமென்ட், பயோசேஃப்டி என்று கேட்பார்கள் என்று தயாராகப் போயிருந்தேன். விஞ்ஞானிகள் யாரும் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. பொதுமக்கள் சார்பில் குழுவில் இருக்கும் ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், தமிழ்ப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "சர்க்கரையைப் பிடிக்கும் புரதம்னு போட்டிருக்கீங்களேம்மா, இதைப் படிக்கிறவர் தனக்குச் சர்க்கரை இருக்கா இல்லையான்னு பார்க்கிறீங்கன்னுதானே நினைப்பார்?"

எனக்குப் பதில் வரவில்லை. நம் ஊரில் சர்க்கரை என்றால் வியாதி. படிவத்தைத் தமிழில் எழுதி, வேறொருவரை விட்டுத் திரும்ப ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, இரண்டும் பொருந்துகிறது என்று கையெழுத்தும் வாங்கியிருந்தோம். கனகச்சிதமாகப் பொருந்தியது, அதனால்தான் தப்பு யார் கண்ணிலும் படவில்லை. ஐயா சொன்ன பிறகு அந்தப் படிவத்தை ஓபி வரிசையில் உட்கார்ந்திருந்த நாலு பேரிடம் வாசித்துக் காட்டினேன். மூன்று பேர் சர்க்கரை வியாதி என்றே எடுத்துக்கொண்டார்கள். ஓர் அம்மா வேறொன்று சொன்னார்: "ஏற்கெனவே ரத்தம் குறையுதுன்னு சொல்றாங்க, அதுல நீங்க வேற எடுத்தா பையன் என்ன ஆவான்?" டெங்கு வார்டில் பிளேட்லெட் குறைவதும் ரத்தம் குறைவதும் ஒன்றாகத்தான் காதில் விழுகிறது. அந்தப் பயத்துக்குப் படிவத்தில் ஒரு வரிகூட நாங்கள் எழுதியிருக்கவில்லை.

எல்லாவற்றையும் மாற்றி எழுதினோம். "கிருமியின் மேற்பூச்சை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம் நம் எல்லோர் ரத்தத்திலும் உண்டு. அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிறோம். இது சர்க்கரை நோய்ப் பரிசோதனை அல்ல." அடுத்து, எடுப்பது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு, வழக்கமாக ரத்தம் எடுக்கும் அதே ஊசியிலேயே எடுப்போம், இதனால் பிளேட்லெட் குறையாது என்று சேர்த்தோம். குழந்தைகளைச் சேர்க்கவில்லை. ஜனவரியில் அனுமதி வந்தது. அதற்குள் சீசன் முடிந்து, மறுபடி அக்டோபர் வரைக்கும் காத்திருந்தேன்.

விண்ணப்பிக்கும் முன் கூட்டத்துக்கான கடைசித் தேதியையும் ஃபைல் சரிபார்ப்புப் பட்டியலையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குழுவில் உள்ள எல்லோருடைய சான்றிதழ் தேதியையும் நீங்களே பாருங்கள். புரோட்டோகாலில் ட்யூபின் மூடி நிறத்தைக்கூட எழுதுங்கள். லெக்டின் வேலைக்குப் பாஸ்பேட் பஃபர் வேண்டாம், கால்சியம் சேர்த்ததும் கலங்கிவிடும், ட்ரிஸ் பஃபர் எடுங்கள். சிவப்பு மூடியில் எடுத்ததை அரை மணி நேரம் உறையவிட்டு, சுழற்றி, உடனே சின்னச் சின்னதாகப் பிரித்து மைனஸ் 80இல் வையுங்கள். திரும்பத் திரும்ப உருக்கினால் காம்ப்ளிமென்ட் நிற்காது.

இந்த அக்டோபரில் முதலில் கையெழுத்துப் போட்டவர் ஓர் ஆட்டோ ஓட்டுநர். படிவத்தை முழுதும் படித்துவிட்டு, "அந்தப் புரதம் எனக்கு நிறைய இருக்குமா, கம்மியா இருக்குமா?" என்று கேட்டார். சரியாகப் புரிந்துகொண்டுதான் கேட்டார்.

அவர் சீரம் போட்ட குழிகள் பத்தே நிமிடத்தில் நீலமாயின. பக்கத்து வரிசையில் அதே சீரத்தில் நானே இடிடிஏ சேர்த்து வைத்த மூன்று குழிகள் மட்டும் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தன.