எஃப்.சி.யில் நின்றுபோன 2009 மாருதி 800: பின் பிரேக் வேலை

அப்பா 2009ல் வாங்கிய மாருதி 800. அடுத்த வருடம் ஏப்ரலில் சென்னையில் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை அளவு விதி வந்ததும் இங்கே 800 விற்பனையே நின்றுவிட்டது. அதனால் சென்னையில் புதிதாக விற்ற கடைசி 800களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா இப்போது இல்லை. வண்டியை விற்க எனக்கு மனமும் இல்லை.

சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருடம். அப்புறம் படிவம் 25 கொடுத்து, கட்டணம் கட்டி, வண்டியை நேரில் காட்டினால் இன்னும் ஐந்து வருடம் கிடைக்கும். சட்டப்படி இது பதிவுப் புதுப்பிப்பு. பேச்சில் எல்லோருக்கும் எஃப்.சி. (ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்) தான். காலாவதி தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நான் முதல் வாரமே விண்ணப்பித்தேன், அதுதான் பின்னால் கைகொடுத்தது.

ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பரின் பென்சில் பிரிண்ட்டை (நம்பர் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி) சரிபார்த்தார். "ஹேண்ட் பிரேக் போட்டு ஃபர்ஸ்ட் கியர்ல மெதுவா கிளட்ச்சை விடுங்க சார்" என்றார். என்ஜின் அடங்கி நின்றிருக்க வேண்டும். வண்டி நகர்ந்தது. கொஞ்சம் ஓட்டி பிரேக் அடிக்கச் சொன்னார், வலது பக்கம் இழுத்தது. இடது ஹெட்லைட் மங்கல். டிரைவர் காலடியில் ரப்பர் மேட்டைத் தூக்கினால் ஐந்து ரூபாய் நாணயம் அளவு துருப்பிடித்த ஓட்டை. "எல்லாம் சரி பண்ணிட்டுக் கொண்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அவர் பார்த்தது அத்தனையும் நியாயம்.

ஹேண்ட் பிரேக் விஷயத்தில் கேட்ட எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: கேபிளை இறுக்கு, போதும். சனிக்கிழமை காலை இறுக்கினேன். லிவர் மூன்று பல்லிலேயே விறைத்து நின்றது. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தால், வலது சக்கரம் கல் மாதிரி நிற்கிறது, இடது சக்கரம் கரகரவென்று சுற்றுகிறது. பிரேக் அடித்தால் வலது பக்கம் இழுத்ததும் அப்போதுதான் பொருந்தி வந்தது. இரண்டு குறையும் இடது பின் சக்கரத்தில்தான் இருக்க வேண்டும். இறுக்கிய கேபிளை மறுபடி தளர்த்தினேன். சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிப்பது பிரேக் ஷூ; அதைச் சரி செய்யாமல் கேபிளை இறுக்குவது தவறான வரிசை. ஷூ சரியாக நின்ற பிறகுதான் கேபிளுக்கு வர வேண்டும்.

இந்த வேலையில் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தே ஆக வேண்டும். எனவே வண்டியை கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் மரக்கட்டை அடைத்தேன். ஜாக்கியை நம்பிக் கைவைக்கக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். அதற்குப் பதிலாக ஹாலோ பிளாக் வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அது முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும்.

சக்கரத்தைக் கழற்றிவிட்டு, டிரம்மின் நடு நட்டைப் பூட்டும் ஸ்பிளிட் பின்னை எடுத்து, நட்டைக் கழற்றியும் டிரம் வரவில்லை. உள் ஓரத்தில் தேய்மானத்தால் ஒரு விளிம்பு உண்டாகி, ஷூ அதில் மாட்டியிருந்தது. மரத்துண்டு வைத்துச் சுற்றிலும் தட்டித் தட்டி அரை மணி நேரத்தில் கழன்றது. உள்ளே ஒரே ஈரம். ஆயில் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் நகர்த்தியதும் பிரேக் ஆயில் வழிந்தது. ஷூ மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் முழுக்க ஆயில் ஊறிக் கறுத்துக் கிடந்தது. ஆயில் பட்ட ஷூ காலால் அமுக்கினாலும் பிடிக்காது, கையால் இழுத்தாலும் பிடிக்காது. கடந்த ஆறு மாதத்தில் ஆயில் குறைகிறதே என்று இரண்டு முறை ஊற்றி நிரப்பியிருக்கிறேன். அப்போதே டிரம்மைத் திறந்திருக்க வேண்டும். அந்த வண்டியில்தான் மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனேன் என்று நினைக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது.

ஆயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளில் தேய்த்துப் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. சூடானால் உள்ளே ஊறியது மறுபடி வெளியே கசியும். அதனால் இரண்டு பக்கமும் புது ஷூ, புது வீல் சிலிண்டர். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பழையபடி இழுக்கும். டிரம்மில் இருந்த தூளை ஊதவில்லை; பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம் என்பதால் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தேன்.

அதிக நேரம் தின்றது வீல் சிலிண்டரில் பிரேக் பைப்பை இணைக்கும் நட். துருவேறிய சின்ன நட் அது. சாதாரண ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கி, பைப்பையே மாற்ற வேண்டி வரும். துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஒரு இரவு விட்டேன். மறுநாள் காலை, நட்டைச் சுற்றிலும் கவ்விப் பிடிக்கும் ஃபிளேர் நட் ஸ்பேனரில் ஒரே திருப்பில் இளகியது. அந்த ஸ்பேனரைத் தேடி வாங்கியதற்கு வருத்தமே இல்லை.

பைப்பைக் கழற்றியதில் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, மகள் வந்தாள். பெடலில் அவள், சக்கரத்தடியில் நான். டாட் 3 தரப் பிரேக் ஆயில், வீல் சிலிண்டரின் காற்று வெளியேற்றும் நிப்பிளில் ஒளி ஊடுருவும் டியூப், அதன் மறுமுனை கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்ப்பா."

"விடாதே... இப்போ விடு."

பின்பக்கம் தொடங்கி முன்பக்கம் வரை, டியூபில் குமிழி நிற்கும் வரை இதே பேச்சுதான். பழைய ஆயில் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. இந்த ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்சக் கொதிநிலை இறங்கும். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரிதான் வரம்பு. பெயிண்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பெயிண்ட் உரிந்துவிடும்.

பெடலைப் பலமுறை அமுக்கி ஷூக்களை உட்காரவைத்து, அதன் பிறகே கேபிளை இறுக்கினேன். லிவர் ஆறாவது பல்லில் நின்றது. இரண்டு சக்கரமும் ஒரே மாதிரி பிடித்தன. புது ஸ்பிளிட் பின் போட்டு மூடினேன்.

ஹெட்லைட்டில் பல்பு நன்றாகவே இருந்தது, ரிஃப்ளெக்டர்தான் வெளுத்திருந்தது. பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தது. சுவரில் இரண்டு பக்க வெளிச்சமும் சமமாக விழும்படி ஸ்க்ரூவைத் திருகினேன். தரை ஓட்டையை வீட்டில் தொடவில்லை. ஃபைபர் ஒட்டி மறைப்பது எனக்குச் சம்மதமில்லை. டிங்கரிடம் கொடுத்து, துருவை முழுக்க வெட்டியெடுத்துத் தகடு வைத்து வெல்டிங் அடிக்கச் சொன்னேன். கண்ணாடி பீடிங் வழியாக மழைநீர் இறங்கியதுதான் காரணம், அதையும் மாற்றியாயிற்று.

மூன்றாவது வாரம் மறுபடி காட்டினேன். ஹேண்ட் பிரேக் போட்டு கிளட்ச்சை விட்டதும் என்ஜின் ஒரு குலுக்கலோடு அடங்கி நின்றது. இன்ஸ்பெக்டர் தலையசைத்துவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "கோயில் வரைக்கும் போய்ட்டு வரலாமா?" என்று கேட்டார்.